பனிநாட்டில் தண்டி

தண்டியலங்காரம் பயிலும் தமிழ் மாணவர், அதன் மூலநூல் வடமொழியிலுள்ள காவியாதரிசம் என்பதை அறிவர். காஞ்சிப் பல்லவர் காலத்தவராகக் கருதப்படும் தண்டியின் அந்நூல் இமயத்தைக் கடந்து திபெத்துக்கும் சென்றது என்பதை அறிந்தோர் சிலரே. 13ஆம் நூற்றாண்டில் ஷோங்தோன் தோர்ஜே கியால்ட்சென் அதனைத் திபெத்திய மொழியில் பெயர்த்தார். அன்றுமுதல் அங்குக் கவிதை கற்போர்க்கு அதுவே அடிப்படை நூலாயிற்று. காவியத்தில் கடல் வருணனை அமைதல் வேண்டும் என்பது தண்டியின் விதி. கடலே இல்லாத நாட்டினர் அதனையும் கற்றனர்! 17ஆம் நூற்றாண்டில் நாட்டின் தலைமையேற்ற ஐந்தாம் தலாய் லாமாவே இந்நூலுக்கு உரை வரைந்தார்.

இத்தகைய நூற்செல்வத்தை மடங்களே பேணின. புத்தர் திருமொழிகளின் தொகுப்பாகிய காங்யூர் மட்டுமே நூறு மடலங்களுக்கு மேற்பட்டது. 1729இல் தோன்றிய தெர்கே அச்சகத்தில் இந்நூல்கள் மரப்பலகைகளில் எழுத்தெழுத்தாகச் செதுக்கப்பெற்றன.

1950இல் சீனப்படை திபெத்தினுள் புகுந்தது. மறு ஆண்டு உருவான பதினேழு அம்ச உடன்படிக்கை மடங்களைக் காப்பதாகவும் திபெத்திய மொழியையும் கல்வியையும் வளர்ப்பதாகவும் வாக்களித்தது. 1959 மார்ச் 10இல் லாசாவில் கிளர்ச்சி வெடித்தது. அம்மாத இறுதியில் தலாய் லாமா இந்தியாவை அடைந்தார். ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் அவரைப் பின்தொடர்ந்தனர்.

பண்ணையடிமை முறையை ஒழித்ததாகச் சீனர் கூறுவர். பெருநிலங்கள் மடங்களிடமும் பிரபுக்களிடமும் குவிந்திருந்தன என்பது மெய்யே. ஆயினும் நிலத்தைப் பகிர்வதற்கு ஏட்டை எரிக்க வேண்டுவதில்லை. அழிவு முழுவதும் 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின் விளைவு என்பாரும் உளர், அதுவும் பொருந்தாது. சீனாவுடன் ஒத்துழைத்த பத்தாம் பஞ்சன் லாமா, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட மடங்களுள் எழுபதளவே எஞ்சின என்று 1962இலேயே பீக்கிங் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். அதன் பயனாகப் பதவி இழந்தார். பின்னர்ச் சிறை சென்று 1977 வரை அங்கிருந்தார்.

அகதிகள் சுமந்துவந்த ஏடுகளைக் காக்க 1970இல் தரும்சாலாவில் நூலகம் எழுந்தது. செரா மடம் கருநாடகத்துப் பைலகுப்பேயிலும், திரெபுங், காந்தென் மடங்கள் முந்த்கோட்டிலும் மீண்டும் நிறுவப்பெற்றன. தண்டி தோன்றிய தென்னாட்டிலேயே திபெத்தியக் கல்வி அடைக்கலம் புகுந்தது.

தாயகத்தில் நிலை வேறு. அங்குப் பள்ளிகளில் சீனமொழியே மேலோங்கிவிட்டது. யூசு நகர வணிகர் தாஷி வாங்சுக் 2015இல் அமெரிக்க நாளேடு ஒன்றிடம் இக்குறையைக் கூறினார். அவர் கோரியது தனிநாடன்று. பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி. 2016 சனவரியில் கைது செய்யப்பெற்று, பிரிவினையைத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டில் ஐந்தாண்டுத் தண்டனை பெற்ற அவர், 2021இல் வெளிவந்தார்.