கருமருந்தும் உப்புத்தாளும்: அமெரிக்க மாதிரி ஏவூர்திக் கலையில் இல்லப் பட்டறையின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1950களில் உருவான மாதிரி ஏவூர்திக் கலையை விண்வெளிப் போட்டியின் எதிரொலியாகக் கொள்வது வழக்கம். அக்கலையின் அடிப்படைத் திருப்பம் ஸ்புட்னிக்குக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. உயிருக்கு ஊறு விளைத்த இயக்கி வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குச் சென்றது. தச்சும் பசையும் வண்ணமும் வீட்டிலேயே தங்கின. இவ்வேலைப் பிரிவினை வீட்டு மேசையில் எத்தகைய அறிவை வளர்த்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாதிரி ஏவூர்தி, கருமருந்து இயக்கி, பால்சா மரம், மெருகூட்டல், அழுத்த மையம்.

முன்னுரை

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியது. அதன்பின் அமெரிக்கச் சிற்றூர்களின் நிலவறைகளிலும் வண்டிக் கொட்டகைகளிலும் சிறுவர் பலர் தாமே ஏவூர்தி செய்யத் தலைப்பட்டனர். உலோகக் குழாய், வெடியுப்பு, சர்க்கரை, கந்தகம், துத்தநாகத் தூள் ஆகியவை அவர்களுக்கு எளிதில் கிட்டின. துத்தநாகமும் கந்தகமும் கலந்த கலவை மிக விரைவாக எரிவது. கலக்கும்போதோ குழாயில் திணிக்கும்போதோ பற்றிக்கொண்டால், குழாயே சிதறி எறிகுண்டின் வேலையைச் செய்துவிடும். விரல்களையும் விழிகளையும் இழந்த சிறுவர்களின் செய்திகள் அக்காலத்து நாளேடுகளில் இடம்பெற்றன.

மேற்கு வர்ஜீனியாவின் கோல்வுட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் ஹோமர் ஹிக்கமும் அவர் நண்பர்களும் செய்த ஏவூர்திகள் இவ்வகையின. 1998இல் வெளிவந்த அவரது தன்வரலாற்று நூல் அவற்றைப் புகழ்பெறச் செய்தது. அவர்களது முதல் முயற்சி தாயின் தோட்ட வேலியைத் தகர்த்தது. 1960இல் தேசிய அறிவியல் கண்காட்சியில் பதக்கமும் பெற்றனர். ஆனால் இவ்வெற்றிக்குச் சுரங்க நிறுவனத்தின் இயந்திரப் பட்டறையில் பணியாற்றிய தேர்ந்த கம்மியர்களின் கைவண்ணம் பின்னணியாக இருந்தது. அவ்வாய்ப்பற்ற சிறுவனுக்கு எஞ்சியது குழாயும் கலவையும் மட்டுமே. அமெரிக்கத் தரைப்படையைச் சேர்ந்த கேப்டன் பெர்ட்ரண்ட் பிரின்லி 1960இல் வெளியிட்ட கையேடு, ஆர்வத்தைத் தடுக்க இயலாதெனில் அதை ஒழுங்குபடுத்துவோம் என்ற நோக்குடையது. காப்பரண்களும் மேற்பார்வையாளர்களும் தேவை என்பது அதன் நிலைப்பாடு. ஒரு படைப்பிரிவின் ஒழுக்கத்தை ஒரு வீட்டுப் பிள்ளையிடம் எதிர்பார்த்த அத்தீர்வு பரவலாக நிலைபெறவில்லை என்பதில் வியப்பில்லை.

காலணிக் கடையில் பிறந்த ஏவூர்தி

நிலைத்த தீர்வு 1954இலேயே நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் உருவாகியிருந்தது. அங்குக் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் உரிமம் பெற்ற வாணவேடிக்கை வல்லுநர். அவர் தமையன் இராபர்ட் மாதிரி வானூர்திகளில் ஈடுபாடு கொண்டவர். ஏவூர்தி இயங்கும் முறையை விளக்கும் சொற்பொழிவுகளில் காட்டுவதற்கு இராபர்ட்டுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. தமையனின் மரவேலையும் தம்பியின் மருந்துவேலையும் இணைந்து 'ராக்-அ-சூட்' தோன்றியது. தாள்குழல் உடலும், எரிந்தபின் மாற்றத்தக்க சிறு கருமருந்து இயக்கியும், உச்சியில் விரியும் வான்குடையும் அதன் கூறுகள். 1958இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. தீபாவளியன்று புட்டியில் நிறுத்திக் கொளுத்தும் வாணத்தை நேராகச் செலுத்துவது அதன் நீண்ட குச்சி. வாணம் ஒருமுறை பறந்து எரிந்தழிவது; ஆதலின் அதன் உருவத்தில் எவரும் உழைப்பைச் செலுத்துவதில்லை. கார்லைல் சகோதரர்கள் குச்சியை நீக்கி வால்சிறகுகளைப் பொருத்தினர். வான்குடையால் உடலை மீட்டனர். மீண்டும் பறக்கும் பொருளுக்கே மெருகூட்டப் பொருளுண்டு. இல்லப் பட்டறையின் வரலாறு, கண்டிப்பாகச் சொல்வதானால், அந்த வான்குடையிலிருந்து தொடங்குகிறது.

நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய பொறியாளர் ஹாரி ஸ்டைன், இளைஞர்களின் ஏவூர்தி முயற்சிகளில் உள்ள பாதுகாப்புச் சிக்கல் குறித்துப் பொதுமக்கள் இதழ்களில் எழுதிவந்தார். அதைப் படித்த கார்லைல், 1957இன் தொடக்கத்தில் தம் மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். ஸ்டைன் அவற்றைப் பறக்கவிட்டுப் பார்த்தார். ஏவுதளப் பாதுகாப்பில் தாம் பெற்ற பட்டறிவைக்கொண்டு பாதுகாப்பு விதிகளையும் வகுத்தார். அவ்வாண்டின் அக்டோபர் மாத மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் அவரது கட்டுரை வெளிவந்தது. ஸ்புட்னிக் பறந்த அதே மாதம் அது; எனினும் கட்டுரை அதற்கு முன்பே எழுதப்பட்டது. விண்வெளிப் போட்டி இக்கலைக்குக் கூட்டம் சேர்த்ததே தவிர, கருத்தைத் தரவில்லை என்பதற்கு இக்காலநிரலே சான்று.

வீட்டைவிட்டு வெளியேறிய இயக்கி

ஸ்டைன் டென்வர் நகரில் 'மாடல் மிசைல்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இயக்கிகளை நம்பத்தக்க தரத்தில் உரிய காலத்தில் பெறுவது அவருக்குப் பெருந்தடையாயிற்று. வாணவேடிக்கைத் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த வெர்னன் எஸ்டெஸை அவர் நாடினார். எஸ்டெஸ் 1958இல் நிறுவனம் தொடங்கி, 'மேபல்' என்று செல்லப்பெயரிட்ட தானியங்கி இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். கருமருந்தைத் தாள்குழலில் ஒரே சீராக அழுத்தி, சில நொடிகளுக்கு ஓர் இயக்கி என்ற வேகத்தில் அது உருவாக்கியது. ஸ்டைனின் தேவையைவிட மிகுதியாக விளைந்தமையால், எஸ்டெஸ் தாமே விற்கத் தொடங்கினார். பின்னர் மாதிரிப் பெட்டிகளையும் விற்றார். 1961இல் நிறுவனம் கொலராடோவின் பென்ரோஸுக்குக் குடிபெயர்ந்தது. ஸ்டைனின் நிறுவனமோ நலிவுற்றது. கருத்தாளரைத் தொழிலாளர் விஞ்சியது வணிக வரலாற்றில் புதிதன்று.

மேபல் உருவாக்கிய பொருளின் உள்ளமைப்பு எளியது. கெட்டித் தாள்குழலின் அடியில் களிமண் அழுத்திய குறுகிய வாய், அதன்மேல் கருமருந்து, அதன்மேல் உந்துவிசை தராது மெல்லப் புகையும் தாமதப் பகுதி, உச்சியில் மூக்குக்கூம்பைத் தள்ளி வான்குடையை வெளியேற்றும் சிறு மருந்து. மருந்தின் அடிப்பகுதியில் அமைந்த குழி தொடக்கத்தில் எரிபரப்பைக் கூட்டுவதால், முதல் கணத்தில் உந்துவிசை உயர்ந்து, ஏவுகம்பியை நீங்குமுன் ஏவூர்திக்குப் போதிய வேகம் தருகிறது. குழலின்மேல் அச்சிட்ட குறியீடு இவ்வனைத்தையும் சுருங்கச் சொல்லும். ஏ8-3 என்பதில் எழுத்து மொத்தக் கணத்தாக்கின் வகுப்பு. ஏ வகுப்பின் உச்சவரம்பு 2.5 நியூட்டன்-நொடி, பி 5, சி 10 என ஒவ்வொன்றும் முன்னதன் இருமடங்கு. எட்டு என்பது சராசரி உந்துவிசை நியூட்டனில். மூன்று என்பது தாமத நொடிகள். முன்பு சிறுவன் தன் விரல்களைப் பணயம் வைத்து அறிந்துகொண்டதை இப்போது ஒரு வரியில் படித்தறிந்தான்.

உலோகப் பாகம் கூடாது. இயக்கியைத் திறக்கவோ மாற்றவோ கூடாது. மின்சாரத்தால் தொலைவிலிருந்தே பற்றவைக்கவேண்டும். செங்குத்திலிருந்து 30 பாகைக்குமேல் சாய்க்கலாகாது என்பன பாதுகாப்பு விதிகளில் தலையாயவை. இவற்றுள் முதல் விதியே வீட்டுத் தச்சின் இலக்கணமும் ஆயிற்று. உலோகம் விலக்கப்பட்டதால் எஞ்சியவை தாளும் மரமும் பசையுமே.

மேசைமேல் நிகழ்ந்தவை

எஸ்டெஸின் 'ஆல்ஃபா' போன்ற எளிய பெட்டியில் சுமார் 31 செ.மீ. நீளமுள்ள ஏவூர்திக்கு வேண்டிய பொருள்கள் அடங்கியிருந்தன: சுருளாகச் சுற்றிய தாள்குழல், கடைந்த பால்சா மூக்குக்கூம்பு, மூன்று சிறகுகளுக்கான பால்சாத் தகடு, இயக்கியைத் தாங்கும் உட்குழல், மீள்தன்மை நாடா, வான்குடை.

தகட்டிலிருந்து சிறகை வெட்டுகையில் மர இழையின் ஓட்டம் சிறகின் முன்விளிம்புக்கு இணையாக இருத்தல்வேண்டும். இழை குழலுக்கு இணையாக அமைந்துவிட்டால், தரையிறங்கும் முதல் மோதலிலேயே சிறகு இழைவழியே பிளக்கும். வெட்டிய சிறகின் முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டுவர். பின்விளிம்பைக் கூராக இழைப்பர். குழலோடு ஒட்டும் விளிம்பை மட்டும் தட்டையாகவே விடுவர். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை. ஒருமுறை தடவிச் சற்று உலரவிட்டு, மீண்டும் தடவிப் பொருத்தும் இருபூச்சு முறையில் அமைந்த இணைப்பு, பின்னர் உடைய நேர்ந்தால் பசையில் உடையாது, மரத்திலேயே உடையும். சிறகும் குழலும் கூடும் மூலையில் பசையை விரலால் இழுத்து வளைவாக நிரப்புவது இணைப்பின் வலிமையைக் கூட்டுவதோடு, அங்கு எழும் காற்றுக் குழப்பத்தையும் குறைக்கிறது.

இனி மெருகு. பால்சா நுண்துளைகள் நிறைந்த மென்மரம். அதன்மேல் நேரே வண்ணம் பூசினால் மரம் உறிஞ்சிக்கொண்டு சொரசொரப்பாக நிற்கும். ஆதலின் துளையடைப்புப் பூச்சு ஒன்றைப் பூசி, உலரவிட்டு, நுண் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் பூசவேண்டும். மர இழை கண்ணுக்கு மறையும்வரை இது தொடரும். குழலின் சுருள் தடங்களையும் இவ்வாறே நிரப்புவர். பின்னர் அடிப்பூச்சு, அதன்மேல் மெல்லிய பல படலங்களாக வண்ணத் தெளிப்பு. அவசரத்தில் ஒரே கனத்த பூச்சாகத் தெளித்தவன் வழிந்த வண்ணத்தை மறுநாள் தேய்த்தெடுப்பான். எனாமலின்மேல் லாக்கரைத் தெளித்தவனின் பரப்போ சுருங்கி வெடிக்கும். வேதியியல் பாடநூலில் வராத இவ்வறிவு பல்லாயிரம் வீடுகளில் இவ்வாறே பரவியது.

மெருகூட்டலை வெறும் அலங்காரம் என ஒதுக்குவது பொருந்தாது. வழவழப்பான பரப்பும் உருட்டிய விளிம்பும் காற்றுத்தடையைக் குறைத்து உயரத்தைக் கூட்டுகின்றன. ஆனால் ஒவ்வொரு பூச்சும் எடையைக் கூட்டுவது. அவ்வெடை வால்பகுதியில் மிகுமானால் புவியீர்ப்பு மையம் பின்னோக்கி நகரும். அழகுக்காகச் சிறகுகளில் கனக்கப் பூசிய ஏவூர்தி நேராகப் பறக்கும் தகுதியையே இழக்கக்கூடும்.

அழுத்த மையமும் அட்டைத்துண்டும்

காற்றின் பக்கவிசை செயற்படும் அழுத்த மையம் புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னே இருந்தால்தான் ஏவூர்தி நிலைத்துப் பறக்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு குழல்விட்ட இடைவெளி வேண்டும் என்பது நடைமுறை விதி. தொடக்கத்தில் இம்மையத்தைக் காண, ஏவூர்தியின் பக்க உருவை அட்டையில் வெட்டிக் கத்திமுனையில் நிறுத்திப் பார்த்தனர். இது காற்று முழுக்கப் பக்கவாட்டில் மோதுவதாகக் கொள்ளும் கணிப்பு. தேவைக்கு மிஞ்சிய பெருஞ்சிறகுகளுக்கு அதுவே காரணமாயிற்று. ஏவூர்தியைச் சமநிலைப் புள்ளியில் நூலால் கட்டித் தலைக்குமேல் சுழற்றி, மூக்கு முன்னோக்கி நிற்கிறதா எனப் பார்ப்பது மற்றொரு முறை.

நாசாவின் கோடார்ட் மையப் பொறியாளரான ஜேம்ஸ் பாரோமன், 1966இல் நடந்த தேசிய ஏவூர்திச் சங்கத்தின் ஆண்டுப் போட்டிக் கூடுகையில் வேறொரு வழியை முன்வைத்தார். மூக்கு, குழல், சிறகு ஆகியவற்றின் பங்கைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டும் அச்சமன்பாடுகளுக்குப் பள்ளி இயற்கணிதமே போதும். பொழுதுபோக்காளர் கூடுகையில் படிக்கப்பெற்ற ஓர் ஆய்வு அரைநூற்றாண்டுக்கு மேலாக நின்று நிலவுவது அரிது. 2009இல் ஹெல்சின்கியில் ஒரு முதுநிலை ஆய்வேட்டின் பகுதியாக உருவான 'ஓப்பன்ராக்கெட்' கணினிநிரலும் அச்சமன்பாடுகளின் விரிவையே அடிப்படையாகக் கொண்டது. நிலவறைச் சிறுவனின் ஆர்வம் மருந்துக் கலவையிலிருந்து விலகிச் சிறகின் வடிவத்துக்குத் திரும்பியதால் விளைந்த அறிவு இது. மருந்து பற்றிய நேரடி அறிவு அவனுக்குக் குறைந்தது என்பதும் உண்மையே. இவ்விழப்பைப் பெரிதெனக் கருதியோர் வேறு அமைப்புகளில் தம் சோதனைகளைத் தொடர்ந்தனர்.

கட்டியவர் யார்?

1965இல் ஸ்டைனின் 'மாதிரி ஏவூர்திக் கையேடு' வெளிவந்தது. 1972இல் யுகோஸ்லாவியாவின் வ்ர்ஷாட்ஸ் நகரில் விண்மாதிரிகளுக்கான முதல் உலகப் போட்டி நடைபெற்றது. உண்மையான ஏவூர்தி ஒன்றின் அளவுமாதிரியைச் செய்யும் பிரிவில் பறப்புக்கு மட்டுமன்றி, வேலைத்திறனுக்கும் மதிப்பெண் உண்டு. நடுவர் கையில் எடுத்துப் பார்ப்பது சிறகின் மூலைவளைவையும் வண்ணக் கோட்டின் நேர்மையையுமே. வி-2 முதலிய ஏவூர்திகளின் கருப்பு வெள்ளைக் கட்டங்கள் பறக்கையில் உடல் உருள்வதைக் கண்காணிக்கப் பூசப்பட்டவை. அவற்றை ஒட்டுநாடாவால் மறைத்து மறைத்துத் தெளிப்பது போட்டியாளரின் பொறுமையை முழுதும் உறிஞ்சும் வேலை.

1970களில் வார்ப்புநெகிழிச் சிறகுகளும் மூக்குகளும் பெட்டிகளில் இடம்பெற்றன. பின்னர் முழுதும் கட்டி முடித்து வண்ணமிட்டவையே கடைக்கு வந்தன. இயக்கியைத் தொடர்ந்து தச்சும் வண்ணமும் தொழிற்சாலைக்குச் செல்லத் தலைப்பட்ட கட்டம் இது. இதற்கு எதிராகத் தேசிய ஏவூர்திச் சங்கத்தின் போட்டி விதிகளில் நின்றது, மாதிரியைப் பறக்கவிடுபவரே அதைக் கட்டியிருக்கவேண்டும் என்னும் நெறி. எவ்வளவு உழைப்பு 'கட்டுதல்' ஆகும், பசை ஒட்டுவது மட்டும் போதுமா, வண்ணம் பூசுவதும் வேண்டுமா என்ற வினாக்கள் அந்நெறியோடு தொடர்ந்து வந்தன. உலோகக் குழாயில் மருந்து திணித்த தலைமுறைக்கு இவ்வினாக்களே எழுந்திரா.