பெட்டி ஒன்று, முதலாளி பல: ஃபைபர் கருவிக் கம்பெனிகளின் கதை

காரைக்காலுக்கு முதலாளி மாறுவது புதிதல்ல. 1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனிக்குப் போனது. பிறகு ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடியும் பிடித்தார்கள்... கடைசியில் 1954 நவம்பர் 1-ல்தான் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. இதே மாதிரி ஒரு கைமாற்றுக் கதை, இன்னும் வேகமாக, கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் இணையம் தரும் பெட்டிகளுக்குப் பின்னாலும் நடந்திருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் பெட்டி. தொலைபேசி நிலையத்தில் இருப்பது ஓஎல்டி. அதிலிருந்து ஒரே ஒரு கண்ணாடி இழை கிளம்பும். வழியில் மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பான் அதை 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஓஎன்டி என்ற சின்னப் பெட்டி. இதுதான் ஜிபான். 2003-ல் சர்வதேசத் தரமாக வந்தது. இறங்குவேகம் வினாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட், எட்டும் தூரம் வழக்கமாக 20 கி.மீ. காரைக்கால் நகரில் ஓஎல்டி வைத்தால் திருநள்ளாறு, நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம் எல்லாமே அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும்.

தரம் பொதுவானது என்பதால் எந்தக் கம்பெனிப் பெட்டியும் எந்தக் கம்பெனிப் பெட்டியோடும் பேசும் என்று நினைத்தால், அது காகிதத்தில்தான்! ஓஎல்டி ஓஎன்டிக்குக் கட்டளையிடும் மொழியில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டார்கள். அதற்கென்று தனித் தரம் ஒன்று 2010-ல் வந்தபிறகும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. ஆகவே நிலையத்துக்குள் ஒரு கம்பெனியின் ஓஎல்டி நுழைந்துவிட்டால், அதன் கீழே உள்ள அத்தனை வீடுகளும் பல வருடங்களுக்கு அந்தக் கம்பெனிக்கே. போட்டியாளரைத் தோற்கடித்து அந்த இடத்தைப் பிடிப்பது கஷ்டம். போட்டியாளரையே வாங்கிவிடுவது சுலபம்!

வாங்கினார்கள். அமெரிக்காவில் 2004-ல் டெல்லாப்ஸ் அட்வான்ஸ்டு ஃபைபர் கம்யூனிகேஷன்ஸை வாங்கியது. 2011-ல் காலிக்ஸ் ஆக்கம் நெட்வொர்க்ஸை எடுத்துக்கொண்டது, அடுத்த வருடமே எரிக்சனின் ஃபைபர் அணுகல் தொழிலையும் வாங்கியது. காரைக்காலை ஆண்ட அதே பிரான்சின் அல்காடெல், 2006-ல் அமெரிக்காவின் லூசெண்ட்டோடு இணைந்தது.

இதில் நோக்கியாவின் கதைதான் வேடிக்கை. நோக்கியாவும் சீமென்ஸும் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனம், அகன்ற அலைவரிசை அணுகல் கருவித் தொழிலை 2012-ல் அட்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. 2014-ல் நோக்கியா தன் கைபேசித் தொழிலையும் மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்தது. வரித் தகராறால் ஸ்ரீபெரும்புதூர் கைபேசி ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் தனியே நின்று, அந்த நவம்பரிலேயே மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. பிறகு 2016-ல் நோக்கியா அல்காடெல்-லூசெண்டை விழுங்கியது. விளைவு? நாலு வருடம் முன்பு வேண்டாம் என்று கைகழுவிய அதே ஃபைபர் அணுகல் தொழிலில் உலகின் பெரிய கைகளில் ஒன்றாகிவிட்டது!

சீனாவின் ஹுவாவேயும் இசட்டிஇயும் இப்படிப் பெரிதாக யாரையும் வாங்காமல், விலையிலும் ஆராய்ச்சியிலும் ஜெயித்தே முன்னுக்கு வந்தன. மேலைநாட்டுக் கம்பெனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதற்கு அந்த பயமும் ஒரு காரணம்.

இந்தியா வேறு வழியில் போனது. 2011 அக்டோபரில் மத்திய அரசு தேசிய ஒளியிழை வலைப்பின்னல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் என்பது இலக்கு. 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசமும், அதோடு காரைக்காலும், முதல் கட்டத்திலேயே சேர்ந்தன. (இதில் ஒரு முரண். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது, அடுத்த தேர்தல் வருடக்கணக்கில் தள்ளிப்போனது. பஞ்சாயத்துக்குப் பெட்டி வந்தது, தலைவரைக் காணோம்!)

முதல் கட்டப் பெட்டிகளின் வடிவமைப்பு பெரும்பாலும் சி-டாட் உடையது. 1984-ல் சாம் பிட்ரோடா முன்னின்று தொடங்கிய அரசு ஆய்வு மையம் இது. 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் ஏ.சி. இல்லாமலே ஓடும் கிராமத் தொலைபேசி நிலையத்தை நிறுவிக் காட்டியது. அப்போது செய்ததையே ஜிபானிலும் செய்தார்கள். வடிவமைப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, உரிமத்தைப் பல உற்பத்தியாளர்களுக்குக் கொடுப்பது. ஒரு தயாரிப்பாளர் மூடிவிட்டாலும் இன்னொருவர் அதே பெட்டியைச் செய்ய முடியும். யாரும் அந்த வடிவமைப்பை விலைக்கு வாங்கிப் பூட்டி வைக்கவும் முடியாது. வெளிநாட்டுக் கைமாற்றுகளைப் பார்த்தபிறகு இதன் அருமை புரியும். ஆனால் அரசு மையத்துக்கு உள்ள மெத்தனமும் கூடவே வந்தது. வேலை ரொம்ப மெதுவாகத்தான் நகர்ந்தது.

தனியார் பக்கம் பெங்களூரின் தேஜஸ் நெட்வொர்க்ஸ். 2000-ல் தொடங்கியது, சொந்தமாக வடிவமைத்தது, 2017-ல் பங்குச்சந்தைக்கு வந்தது, பாரத்நெட்டின் அடுத்த கட்டத்துக்குப் பெட்டிகள் தந்தது. அரசு ஆர்டரை நம்பிய கம்பெனிக்கு, பணம் வர நாளானால் என்ன ஆகும்? 2019-20 நிதியாண்டில் நஷ்டம். 2021 ஜூலையில், டாடா குழுமத்தின் பனட்டோன் ஃபின்வெஸ்ட் பெரும்பங்கை எடுக்கும் அறிவிப்பு வந்தது. சீனக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் 'நம்பகமான மூலம்' விதி அமலுக்கு வந்ததும் அதே வருடம் ஜூனில்தான் என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த வருடமே, விழுங்கப்பட்ட தேஜஸ் தானும் விழுங்கத் தொடங்கியது. பெங்களூர் சாங்க்யா லேப்ஸின் பெரும்பங்கை சுமார் 284 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

பெட்டியை வாங்கிய அலுவலகமும் தப்பவில்லை. பாரத்நெட்டை நடத்திய பிபிஎன்எல்லை பிஎஸ்என்எல்லோடு இணைக்க 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற, 1.39 லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள திருத்திய திட்டம், பஞ்சாயத்துவரை ஜிபானுக்குப் பதிலாக வளைய அமைப்பில் ரவுட்டர்களைக் கேட்கிறது. ஆக, இப்போது போட்டி ரவுட்டர் தயாரிப்பாளர்களுக்குள்.

அமெரிக்காவில் பல கம்பெனிகளை வாங்கி வளர்ந்த ஸோன், 2016-ல் கொரியாவின் டாசனோடு இணைந்து, பிறகு டிஇசட்எஸ் ஆனது. அது 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அதன் ஓஎல்டிகள் பல நாட்டுத் தொலைபேசி நிலையங்களில் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.