35 என்ற எண் எங்கிருந்து வந்தது?

தி.நகர் ஏரியைத் தூர்த்து உண்டான ஊர் என்பது பலருக்கும் தெரிந்த கதை. 1920களில் மாம்பலம் ஏரியை மூடி, நடுவில் ஒரு பூங்காவை வைத்து, தெருக்களைப் பிரித்து, நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஊருக்கே பெயர் கொடுத்தவர் பிட்டி தியாகராயர். அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல்தான் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. வயிறு காய்கிற பிள்ளையிடம் பாடம் ஏறாது என்பதைப் புரிந்துகொண்ட தீர்மானம் அது.

நூறு வருஷம் தாண்டி, அவர் பெயரைச் சுமக்கிற அதே ஊரில், நடேசன் பூங்காவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் அண்ணி எடைக்குறைப்பு அறுவைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். வயது 46. உயரம் 160 செ.மீ., எடை 91 கிலோ. 11 வருஷமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 9.4. மருத்துவமனையில் இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனைகள், எண்டோஸ்கோபி, தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசனை, இரண்டு வார டயட் என்று போகிறது. "தம்பி, நீங்கதான் பழைய பேப்பரையெல்லாம் கிளறுவீங்களே, இதுல ஒவ்வொண்ணும் எதுக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார். பார்க்கப் போனால், அந்தத் தாளில் உள்ள ஏறக்குறைய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ பட்ட அடி இருக்கிறது.

ரத்தப் பரிசோதனை வரியிலிருந்து தொடங்குகிறேன். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, கால்சியம், கல்லீரல், சிறுநீரகம். இவ்வளவு எதற்கு? 1954இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கிரெமன், லின்னர், நெல்சன் ஆகிய மூவர் நாய்களின் சிறுகுடலைக் குறுக்கிப் பார்த்த சோதனைகளை வெளியிட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் முதல் தலைமுறை எடைக்குறைப்பு அறுவை. வயிற்றைத் தொடமாட்டார்கள், குடலுக்குக் குறுக்குவழி போடுவார்கள். 1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் பெய்ன், டிவிண்ட் என்ற இருவர் பிரபலமாக்கிய முறையில், சிறுகுடலின் மேற்பகுதியில் 35 செ.மீ., கீழ்ப்பகுதியில் 10 செ.மீ. மட்டும் உணவுக்குத் திறந்திருக்கும். ஏறத்தாழ 6 மீட்டர் குடலில் மற்றதெல்லாம் சும்மா கிடக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், உடம்பில் ஒட்டாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

எடை குறைந்தது உண்மை. ஆனால் ஒட்டாமல் போனது கொழுப்பு மட்டுமல்ல. ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டு வீக்கம், வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண், சிலருக்குக் கல்லீரலே செயலிழந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்த பிறகு, பலருக்குத் திரும்பக் குடலைப் பழையபடி மாற்றி வைக்க வேண்டியிருந்தது. 1980வாக்கில் அந்த முறையையே கைவிட்டார்கள். அன்றைக்கு யாரும் முன்கூட்டி அளந்து பார்க்காததைத்தான் இன்றைக்கு அண்ணியிடம் அளக்கிறார்கள். அதிலும் அண்ணி சுத்த சைவம். பி12 இப்போதே குறைவு. அறுவைக்கு முன்னாலேயே ஊசி தொடங்கியாயிற்று, பிறகும் ஆயுசுக்கும் வைட்டமின் உண்டு.

அண்ணிக்குச் சொல்லியிருப்பது பைபாஸ். இதன் கதை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன், வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்களுக்கு எடை ஏறவே மாட்டேன் என்கிறதே என்று கவனித்தார். புண்ணுக்கான அறுவையில் பக்கவிளைவாக இருந்ததை, பருமனுக்கான அறுவையில் நோக்கமாக மாற்றினார். 1966இல் முதல் அறுவை. மறு வருஷம் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து கட்டுரை. இரைப்பையின் மேற்பகுதியைத் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைப்பது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அந்தத் தையல் நம் ஊருக்குப் புதிதல்ல. எவரெஸ்ட் பயணங்களில் 1922இலும் 1924இலும் போன தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். அன்றைக்குத் திருவிதாங்கூர், இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். தென்னிந்திய ஏழைகளிடம் சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண் அவ்வளவு அதிகம். நாள்பட்ட புண்ணால் வழி அடைபட்டு, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி, எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு இரைப்பையைக் குடலோடு இணைத்து உணவு இறங்க வழி செய்தார்கள். சோறு உள்ளே போக வேண்டும் என்பதற்காகப் போட்ட அதே இணைப்பு இன்றைக்குச் சோறு குறைவாகப் போக வேண்டும் என்பதற்குப் பயன்படுகிறது. வயிற்றுச் சர்ஜரியைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிட வியப்பானது இல்லை.

பட்டியலில் எண்டோஸ்கோபி இருப்பதற்கும் நெய்யூருக்கும் தொடர்பு உண்டு. அந்தப் புண்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்பதை 1980களில் ஆஸ்திரேலியர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் நிறுவினார்கள்; 2005இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். பைபாஸ் செய்தபின் ஒதுங்கிப்போன பெரிய இரைப்பைக்குள் வழக்கமான குழாயை விட்டுப் பார்க்க முடியாது. அதனால் கிருமி இருக்கிறதா, புண் இருக்கிறதா என்று முன்பே பார்த்து, இருந்தால் மருந்து கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

வீட்டில் பெரிய சண்டையே அந்த இரண்டு வார டயட்டுக்குத்தான். நாளைக்கு 800 கலோரி அளவு. இட்லி கிடையாது, சாதம் கிடையாது, பழச்சாறு கிடையாது. புரோட்டீன் பவுடர், மோர், காய்கறி சூப், தெளிவு ரசம். "மோரையும் பவுடரையும் வெச்சு ரெண்டு வாரமா? கந்த சஷ்டி விரதமே ஆறு நாள்தான் தம்பி" என்றார் அண்ணி. எடை குறைக்கத்தானே அறுவை, அதற்கு முன்னால் எதற்கு எடை குறைக்க வேண்டும்? நியாயமான கேள்வி.

விடை எடையில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. மேசன் காலத்தில் வயிற்றை நீளமாகத் திறந்தார்கள். கல்லீரல் குறுக்கே வந்தால் கையால் ஒதுக்கினார்கள். 1994இல் சான் டியேகோவில் விட்குரோவும் கிளார்க்கும் லேப்ராஸ்கோப்பி மூலம் பைபாஸ் செய்து வெளியிட்ட பிறகு கை வெளியே வந்துவிட்டது, உள்ளே கம்பிதான் போகிறது. இரைப்பையின் மேற்பகுதி கல்லீரலின் இடது மடலுக்குக் கீழே ஒளிந்திருக்கும். கொழுப்பேறிய கல்லீரல் கனமாக, மெதுமெதுவென்று இருக்கும். கம்பியால் தூக்கினால் கிழிந்து ரத்தம் கொட்டும். சில அறுவைகளை நடுவில் நிறுத்தி வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது. பிறகு மெல்போர்னில் 32 பேரை 12 வாரம் குறைகலோரி உணவில் வைத்து, கல்லீரலைப் படமெடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வந்த முடிவு: கல்லீரல் சுருங்கியதில் சுமார் 80 விழுக்காடு முதல் 2 வாரத்திலேயே நடந்துவிட்டது. கல்லீரலில் சேமித்த சர்க்கரையும், அதோடு ஒட்டிய தண்ணீரும் முதலில் வெளியேறும், கொழுப்பும் குறையும். அண்ணியின் தாளில் உள்ள "2 வாரம்" இந்த மாதிரி ஆய்வுகளின் பிள்ளை.

சர்க்கரைக்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாப்பாடு பாதியாகும்போது இன்சுலினையும் சில மாத்திரைகளையும் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தடாலென்று கீழே விழும். அளவைக் குறைப்பது டாக்டர் வேலை, நாமாகச் செய்வதல்ல. டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொன்னது. பட்டினியோடு அந்த மாத்திரை சேர்ந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாதபோதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும்.

மற்ற வரிகளை வேகமாகத் தாண்டுகிறேன். தூக்கப் பரிசோதனை மயக்க மருந்து டாக்டருக்காக. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு மயக்கம் கூடுதல் ஆபத்து. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சிப் பழகுவது நுரையீரலின் அடிப்பகுதி விரிவதற்கு. புகை பற்றிய வரி அண்ணிக்குத் தேவையில்லை, அண்ணனுக்குத் தேவை, அது வேறு கதை. மனநல ஆலோசனையைப் பார்த்து மட்டும் அண்ணி கோபப்பட்டார், "எனக்கென்ன பைத்தியமா?" அது 1991இல் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாட்டில், சர்ஜன் ஒருத்தர் மட்டும் முடிவெடுக்கக்கூடாது, பொது மருத்துவம், மனநலம், உணவியல் தெரிந்தவர்களும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இந்தச் சிகிச்சைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் இறந்து, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது நினைவிருக்கும். அந்தச் செய்தியைப் படித்தபின் எங்கள் வீட்டில் ஒருவரும் எந்தப் பரிசோதனையையும் "இது எதுக்கு" என்று தள்ளிவிடச் சொல்லவில்லை.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். தாளின் தலையிலேயே பி.எம்.ஐ. 35.5 என்று எழுதியிருந்தது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது; பெல்ஜியக் கணிதர் கெத்தலே 1832இல் கண்டது. அவருக்குப் பருமனில் அக்கறை இல்லை, "சராசரி மனிதன்" யார் என்று தேடிக்கொண்டிருந்தார். 1972இல் ஆன்சல் கீஸ் 5 நாட்டு ஆண்களை அளந்து, இதற்குப் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். அந்த 5இல் இந்தியா இல்லை. பெண்களும் இல்லை.

அறுவைக்கான எல்லை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் "இயல்பான எடையைவிட 100 பவுண்டு கூடுதல்" என்பதுதான் பழைய வரையறை. இயல்பான எடை எது? மெட்ரோபாலிடன் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம், பாலிசி எடுத்தவர்களின் எடையையும் இறப்பையும் வைத்து 1940களிலும் 1959இலும் போட்ட அட்டவணை. அந்த 100 பவுண்டு ஏறத்தாழ பி.எம்.ஐ. 40க்குச் சமம். 1991 மாநாடு 40 என்றது. சர்க்கரை, இதயநோய் போன்றவை இருந்தால் 35 போதும் என்றது.

நம் உடம்புக்கு இது பொருந்தாது என்பதற்கு ஒரு படமே சாட்சி. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டது, 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்பு உள்ளே கொழுப்பைப் பதுக்கி வைத்திருக்கிறது. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி, நமக்கு அறுவை எல்லை 37.5, நோய் இருந்தால் 32.5 என்று குறைத்தார்கள். 2022இல் உலகச் சங்கங்களும் 1991 எண்ணைக் கைவிட்டு, 35க்கு மேல் யாருக்கும் செய்யலாம், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றன.

மருத்துவம் கைவிட்ட எண் காப்பீட்டில் உயிரோடு இருக்கிறது. 2019இல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்திய விலக்குகளில் 6ஆவது இது: வயது 18க்கு மேல், பி.எம்.ஐ. 40, அல்லது 35உம், அதோடு கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய் இவற்றில் ஒன்றும், மற்ற வழிகள் பலிக்கவில்லை என்பதும். காப்பீட்டு அலுவலகத்தில் பிறந்த எண், டாக்டர்களிடம் போய்விட்டு, மறுபடி காப்பீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அண்ணியின் உயரத்துக்கு 35 என்பது 89.6 கிலோ. கையில் இருப்பது 1.4 கிலோதான். இரண்டு வார டயட்டில் 4 கிலோ போனால் 34. அறுவைக்கு முன் எச்பிஏ1சியைக் குறைக்கச் சொல்கிறது மருத்துவமனைத் தாள். கட்டுப்படாத சர்க்கரை என்கிறது பாலிசி. "அப்ப நான் உடம்ப சரி பண்ணிக்கணுமா, கூடாதா?" என்று கேட்டார். பாண்டி பஜாரில் ஒரு வாரம் நெய் ரோஸ்ட் சாப்பிட்டு வரலாம் என்று அண்ணன் யோசனை சொல்லித் திட்டு வாங்கினார்.

சர்ஜன் சொன்ன வழி எளியது. அறுவை வேண்டும் என்று ஆலோசனை சொன்ன நாளின் எடை, உயரம், அன்றைய எச்பிஏ1சி, இதுவரை பார்த்த உணவியல் நிபுணர்களின் சீட்டுகள், 11 வருஷ மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி முன் அனுமதிக்கு அனுப்ப வேண்டும். அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபிறகுதான் மோரும் பவுடரும்.