மனசுக்கு வைத்தியம் பார்க்கறவங்களைப் படிக்க வெச்சது யாரு?

பள்ளி மனநலப் பயிற்சிக்கான நிதியை அமெரிக்க அரசு 2025-ல நிறுத்துன செய்தியை நம்மில் பல பேர் ஒரு வரியில கடந்து போயிருப்போம். அதுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 80 வருஷக் கதை இருக்கு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

ஏழைப் பிள்ளைகளுக்கு மனநல சிகிச்சை ஏன் போய்ச் சேரலைன்னு கேட்டா, உடனே "விழிப்புணர்வு இல்லை"ன்னு சொல்லிடுவோம். எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. விழிப்புணர்வோட ஓடி வந்தாலும் பார்க்கறதுக்கு ஆள் வேணுமே? அந்த ஆளை உருவாக்க யார் காசு போடறது?

இரண்டாம் உலகப் போர்ல ராணுவத்துக்கு ஆள் எடுத்தப்போ, மனநல, நரம்பியல் காரணங்களைச் சொல்லி மட்டும் சுமார் 18 லட்சம் பேரை அமெரிக்கா திருப்பி அனுப்புச்சு. அரசு அப்பத்தான் அரண்டு போச்சு. ராபர்ட் ஃபெலிக்ஸ்னு பொதுச் சுகாதாரத் துறையில இருந்த ஒரு மனநல மருத்துவர் முன்னின்று தயாரிச்ச சட்டத்துல, 1946 ஜூலை 3 அன்னிக்கு அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். தேசிய மனநலச் சட்டம்.

இதுல ஒரு கூத்து. சட்டம் வந்துச்சு, பணம் வரலை! அந்த ஆகஸ்ட்ல ஆலோசனைக் குழு கூடறதுக்கே கிரீன்ட்ரீ ஃபவுண்டேஷன்னு ஒரு தனியார் அறக்கட்டளைதான் செலவு பண்ணுச்சு. (அரசாங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவங்களுக்கு இது ஆச்சரியமாவே இருக்காது.)

பணம் வந்த பிறகு மனநல மருத்துவம், உளவியல், சமூகப்பணி, செவிலியம்னு நாலு துறை மாணவர்களுக்கும் உதவித்தொகை, சொல்லித்தர்ற கல்லூரிகளுக்கு மானியம்னு ஆரம்பிச்சாங்க. டாக்டரை மட்டும் வெச்சு இந்த வண்டி ஓடாதுன்னு அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.

அதே 1946-ல, அரசுப் பணம் எதுவும் வராம, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒரு தேவாலயத்தோட அடித்தளத்துல லஃபார்க் கிளினிக் திறந்தாங்க. கட்டணம் 25 சென்ட். கறுப்பினத் தம்பதி கென்னத் கிளார்க், மேமி கிளார்க் ரெண்டு பேரும் பெற்றோர்கிட்ட வாங்கின கடனை வெச்சு குழந்தைகளுக்காக ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. அதுதான் பின்னாடி நார்த்சைட் மையம் ஆச்சு. பொம்மைகளை வெச்சு ஆய்வு பண்ணி, 1954-ல பள்ளிப் பாகுபாட்டை முடிச்ச தீர்ப்புக்கு உதவினவங்க இவங்கதான்.

"இந்தப் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி இல்லை"ன்னு சொல்லி நியூயார்க் பள்ளிகள் சிறப்பு வகுப்புல தள்ளின கறுப்பினக் குழந்தைகளைக் கூட்டிவந்து, இவங்க மறுபடியும் சோதிச்சுப் பார்த்தாங்க. பெரும்பாலான பிள்ளைங்க அந்த வகுப்புல இருக்கவே வேண்டியதில்லை. ஒரு நிமிஷம் யோசிங்க. பயிற்சி உள்ள ஒரு ஆள் ஒரு மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்தா ஒரு பிள்ளையோட தலையெழுத்து மாறுது.

ஆனா அப்படிப்பட்ட ஆளுங்க எத்தனை பேர்? அரசுப் பணத்துல படிச்சவங்கள்ல நிறைய பேர் நகரத்துல தனியா கிளினிக் போட்டுட்டாங்க. கறுப்பின மனநல மருத்துவர்கள் 1969-ல தனிச் சங்கமா திரண்டு அரசை நெருக்கினாங்க. சிறுபான்மைச் சமூக மாணவர்களைப் படிக்க வைக்கிற உதவித்தொகைத் திட்டம் 1970-கள்ல வந்தது அதுக்கப்புறம்தான்.

1981-ல ரீகன் ஆட்சி. மனநலத்துக்கான மத்திய அரசுப் பொறுப்பை மாநிலங்கள் தலையில கட்டி, நிதியையும் வெட்டினாங்க. உதவித்தொகை வாங்கினா ஈடா சேவை செய்யணும்ங்கற நிபந்தனையும் அந்தக் காலத்துல வந்தது. நம்ம ஊர்ல சர்வீஸ் கோட்டாவுல பிஜி படிக்கிறவங்க பாண்டு எழுதிக் கொடுக்கறோம்ல, கிட்டத்தட்ட அதேதான். திட்டறவங்க திட்டட்டும், பாண்டு இல்லேன்னா பல தாலுகா ஆஸ்பத்திரியில ஸ்பெஷலிஸ்டே இருக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

சரி, உதவித்தொகை இல்லேன்னா என்ன ஆகும்? அங்கே சமூகப்பணியில முதுகலை முடிக்கக் குறைஞ்சது 900 மணி நேரம் களப்பயிற்சி செய்யணும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வாடகை கட்டணும், தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கணும்னு இருக்கிற பொண்ணு சம்பளமில்லாம 900 மணி நேரத்துக்கு எங்கே போவா? படிப்பை விட்டுடுவா. அவளோட தெருவுப் பிள்ளைகளோட பேச்சையும் வலியையும் புரிஞ்சுக்கக்கூடிய ஆள் அவதான்.

2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் பள்ளியில துப்பாக்கிச்சூடு. அடுத்து 2014-ல, குழந்தைகள், வளரிளம் பருவத்தினரோட வேலை செய்யப் பயிற்சி எடுக்கிற மாணவர்களுக்கு நிதி வந்துச்சு. முதுகலை சமூகப்பணி மாணவருக்கு 10,000 டாலர்.

2022 மே மாசம் யுவால்டியில 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள் பலி. ஒரே மாசத்துல ரெண்டு கட்சியும் சேர்ந்து சட்டம் போட்டு, பள்ளி மனநலப் பணியாளர்களைப் படிக்க வைக்கவும் வேலைக்கு எடுக்கவும் 100 கோடி டாலர் ஒதுக்கினாங்க. பிணம் விழுந்தாத்தான் பணம் வருதுன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க, தேதிகளை வரிசையா வெச்சுப் பாருங்க.

அந்த மானியங்கள்ல பெரும்பகுதியைத்தான் 2025 ஏப்ரல் மாசம் கல்வித்துறை நிறுத்துறதா அறிவிச்சுது. ஜூலையில 16 மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போச்சு. 500 மாணவர்களுக்கு ஒரு பள்ளி உளவியலாளர் வேணும்ங்கறது அவங்க சங்கத்தோட பரிந்துரை. இன்னிக்கும் அந்த அளவுக்கு அங்கே ஆள் கிடையாது.