சுவரிற் செருகிய கணினி



கருவிகள் சிறுத்த கதையைச் சொல்வதற்கு வானொலியினும் தக்க இடம் வேறில்லை. கொழும்பில் 1925ஆம் ஆண்டு ஒலிபரப்புத் தொடங்கிய காலத்தில், வானொலிப் பெட்டி என்பது வால்வுகள் நிறைந்ததொரு தளபாடம். வசதி படைத்த சிலரது வீட்டு மண்டபத்தில் அது வீற்றிருக்கும். அயலார் முற்றத்தில் நின்று கேட்பர். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. 1954இல் சட்டைப்பையில் அடங்கும் வானொலி கடைக்கு வந்தது. அதன் பின்னர், மின்கம்பி எட்டிப்பாராத வயற்காவற் குடிலிலும் நாலு மின்கலங்களின் துணையால் செய்தியும் இசையும் ஒலித்தன. பெட்டி சிறுத்தது, கேட்போர் தொகை பெருகியது. கணினியின் வரலாறும் இவ்வழியே நடந்ததா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்த வினாவை ஓர் ஊரின் கண்கொண்டு நோக்குவோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அணைத்து நிற்கும் ஒடுங்கிய நிலத்தில் குருக்கள்மடம் அமைந்துள்ளது. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் ஞாயிறு படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அப்பகுதியார் வழங்குவர். குருக்கள்மடத் துறையையும் எதிர்க்கரையிலுள்ள அம்பிளாந்துறையையும் ‘பாதை’ எனப்படும் தட்டையான படகு நெடுங்காலம் இணைத்து வந்தது. பாதையில் ஏற்றிச் செல்வதற்கு எளிதானது, மின்சாரம் தடைப்பட்டாலும் பிள்ளையின் படிப்பைத் தடைப்படுத்தாதது, பழுதுற்றால் தூர நகருக்கு ஓட வைக்காதது. இத்தகைய கணினியே இவ்வகை ஊர்களுக்கு வேண்டும்.

கணினி அவ்வாறு தொடங்கவில்லை. 1946இல் பிலடெல்பியா நகரிற் காட்சிக்கு வைக்கப்பட்ட எனியாக் ஏறக்குறைய 18,000 வால்வுகள் கொண்டது. 30 தொன் எடையுள்ளது. 150 கிலோவாற்று மின்சாரத்தை உண்டது. இலங்கைக்கு முதற் கணினி 1967இல், பொறியியலறிஞர் குலசிங்க அவர்கள் தலைமை வகித்த அரச பொறியியற் கூட்டுத்தாபனத்துக்கு வந்தது. தனி அறையும் பயின்ற பணியாளரும் அதற்கு வேண்டியிருந்தன. 1971இல் இன்டெல் நிறுவனம் 2,300 திரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கியபோது, கணினி அறையை விட்டு மேசைக்கு இறங்கும் வழி திறந்தது.

மேசையையும் விட்டு இறங்கச் செய்தது வேறொரு சில்லு. அதன் பிறப்பில் ஒலிபரப்புத் துறைக்கும் பங்குண்டு. மக்களுக்குக் கணினி அறிவூட்ட விரும்பிய பிபிசி, 1981இல் தன் பெயரிலேயே ஒரு கணினியை வெளியிட்டது. அதனை உருவாக்கிய கேம்பிரிட்ஜ் நகரின் ஏகோர்ண் நிறுவனத்தில் சோபி வில்சன், ஸ்டீவ் பேர்பர் என்னும் இருவர், எளிய கட்டளைகளால் இயங்கும் புதிய செயலியொன்றை வகுத்தனர். 1985 ஏப்ரிலில் முதற் சில்லு வந்து சேர்ந்தது. அது உண்ணும் மின்னோட்டத்தை அளக்கப் பேர்பர் முற்பட்டார். மானி ஒன்றுமே காட்டவில்லை. பின்னர்தான் உண்மை விளங்கிற்று. மின்வழங்கல் இணைக்கப்படவேயில்லை, அயற்பகுதிகளிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே சில்லு வேலை செய்துகொண்டிருந்தது. ஏஆர்எம் எனப்படும் அச்செயலிக் குடும்பமே இன்று கைத்தொலைபேசிகளில் நிறைந்திருக்கிறது.

அச்செயலியைச் சிற்றூருக்குக் கொண்டு செல்ல முயன்றோர் நம் அயலவர்களே. 1998இல் பெங்களூரிற் கூடிய கருத்தரங்கொன்றின் பயனாக, இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் சிலர் ‘சிம்பியூட்டர்’ என்னும் கையடக்கக் கணினியை வகுத்தனர். ஏஆர்எம் வழிவந்த செயலியும் இலவச இயங்குதளமான லினக்ஸும் அதில் இருந்தன. அது இந்திய மொழிகளிற் பேசவும் வல்லது. ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஓர் அட்டை என்பது அவர்கள் கருத்து. தத்தம் அட்டையைச் செருகினால் அவரவர் விவரம் திரையில் தோன்றும். எண்ணம் உயர்ந்தது, ஆயினும் 2005ஆம் ஆண்டளவில் விற்பனையானவை சில ஆயிரமே. விலை போதிய அளவு தாழவில்லை. அதற்குள் கைத்தொலைபேசி ஊர்தோறும் பரவிவிட்டது.

2009இல் மார்வெல் நிறுவனம் மற்றொரு வடிவத்தைக் காட்டிற்று. ‘சீவாபிளக்’ என்பது அதன் பெயர். மின்னேற்றியைப் போன்ற சிறு பெட்டி; சுவரிலுள்ள மின்துளையில் நேரே செருகிவிடலாம். ஏஆர்எம் வகைச் செயலி, 512 மெகாபைட் நினைவகம், 99 டொலர் விலை. மின்செலவோ ஒரு சிறு விளக்கின் அளவு. ஆனால் திரையை இணைக்கும் வாயில் அதில் இல்லை. கோப்புகளைக் காத்து வேறு கணினிகளுக்கு வழங்கும் ஊழியனாகவே அது படைக்கப்பட்டது. மேசைக் கணினியாக்க விரும்பிய ஆர்வலர்கள் யூ.எஸ்.பி. வழியாகத் திரையைப் பூட்டியும், மற்றொரு கணினியிலிருந்து அதனை இயக்கியும் பார்த்தனர். இயங்கிற்று, மெல்ல இயங்கிற்று.

அக்குறை விரைவில் நீங்கியது. 2012 பெப்ரவரி 29இல் கேம்பிரிட்ஜிலிருந்தே ராஸ்பெரி பை வெளிவந்தது. பிள்ளைகள் நிரல் எழுதப் பழகவேண்டும் என்று விரும்பிய எபன் அப்டனும் நண்பர்களும் கடனட்டை அளவிலான பலகையை 25, 35 டொலருக்குத் தரத் துணிந்தனர். தொலைக்காட்சியே அதற்குத் திரை. 2015இல் இன்டெல் நிறுவனம், தொலைக்காட்சியின் பின்புறத்திற் செருகும் கோல் வடிவக் கணினியை வெளியிட்டது. 2020இல் ராஸ்பெரி பை விசைப்பலகைக்குள்ளேயே ஒடுங்கி வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 12 வோற்று, 40 அம்பியர் மணி கொண்ட மின்கலத்தின் பாதியைப் பயன்படுத்தினால் 240 வாற்று மணி கிடைக்கும். பெட்டியும் திரையுமாக 120 வாற்று உண்ணும் மேசைக் கணினியை அது இரண்டு மணிநேரம் தாங்கும். 5 வாற்றுச் சிறுகணினியும் 20 வாற்றுத் திரையுமாயின், இழப்புகளை விட்டுப் பார்த்தால், ஒன்பது மணிநேரத்துக்கு மேல் தாங்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

இக்கணக்கில் மற்றோர் உண்மையும் உண்டு. கணினியைவிடத் திரையே நான்கு மடங்கு உண்கிறது. கணினி சிறுத்த வேகத்தில் திரையோ விசைப்பலகையோ சிறுக்கவில்லை. மனிதனின் கண்ணும் விரலும் சிறுக்கவில்லை அன்றோ! பலகை மலிவு என்று வாங்குவோர் திரை, விசைப்பலகை, மின்வழங்கி யாவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். மின்சாரம் திடீரென நின்றால், இவற்றின் இயங்குதளம் தங்கும் சிறிய நினைவட்டை பழுதுறுவதும் உண்டு. ஆதலால் மின்கலம் ஒன்றும் பிரதியட்டை ஒன்றும் துணையிருத்தல் நலம்.

இவற்றோடு மொழியும் வேண்டும். குருக்கள்மடத்துக்குத் தெற்கே அதே கரையிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், சென்னையில் 1936இற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அறிவியலைத் தமிழிற் பயில வழி வகுத்தார். சொல் இருந்தாலன்றிப் பொருள் வசப்படாது என்பது அவரது பணி உணர்த்தும் பாடம். இன்று லினக்ஸில் தமிழைத் தட்டெழுதலாம், படிக்கலாம், அனுமதி கேளாமலே மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். மலிவான சில்லும் இலவச மென்பொருளும் சேர்ந்தமையாலேயே சிறுகணினி பிழைத்தது.

கடிதம், கணக்கு, பாடம், இணையப் பக்கம் ஆகியவற்றுக்கு இன்றைய சிறுகணினி மேசைக் கணினியின் இடத்தை ஏற்கவல்லது. திரைப்படத் தொகுப்பு, பெருங்கணிப்புப் போன்ற பளுவான பணிகளுக்குப் பெரிய பெட்டியே தேவை. பாடசாலைக் கூடமொன்றில் எது வேண்டும் என்று தீர்மானிப்போர், அங்கு நடக்கும் வேலையை முதலில் எண்ணிப் பார்ப்பார்களாக. சிம்பியூட்டரை ஆக்கியோர் ஊருக்கு ஒன்று போதும் என்று கருதினர். இன்று வகுப்புக்குச் சிலவற்றை வைத்தல் இயலும். அவற்றை இயக்கிக் காட்ட ஓர் ஆசிரியரும், திறந்து பார்க்க அஞ்சாத சில மாணவரும் இருந்தால், எழுவான்கரையில் தொடங்கும் அறிவு படுவான்கரைக்கும் போய்ச் சேரும்.