கல்கத்தா கைரேகைப் பணியகம்: தடய அறிவியல் வேலையும் ஊதியமும்

இந்தியாவில் தடய அறிவியல் ஒரு தொழிலாக உருவான காலத்தில் அதற்கெனத் தனிப் பணிப்பிரிவு இருக்கவில்லை. ஆய்வு செய்தவர் எந்தத் துறையின் சம்பளப் பட்டியலில் இருந்தாரோ, அந்தத் துறையில் அவருக்கு இருந்த இடமே அவருடைய மதிப்பையும் ஊதியத்தையும் தீர்மானித்தது. 1849இல் சென்னையில் தொடங்கப்பட்ட இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் நஞ்சு தொடர்பான வழக்குகளை ஆராய்ந்தது. இத்தகைய கூடங்களுக்குப் பொதுவாக மருத்துவ அதிகாரிகளே பொறுப்பேற்றனர். கைரேகை பார்த்தவர்களோ போலீஸ் உதவி ஆய்வாளர்கள்.

வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றி, கணக்கில் தேர்ந்த ஒருவரைத் தரும்படி கல்கத்தா மாநிலக் கல்லூரியைக் கேட்டார். முதல்வர் பரிந்துரைத்த மாணவர் அசிசுல் ஹக். உதவி ஆய்வாளராகச் சேர்ந்த அவருடன் ஹேம் சந்திர போஸும் இப்பணியில் இணைந்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. இதை உலகின் முதல் பணியகம் என்று எழுதுவது வழக்கம். அர்ஜென்டினாவில் உவான் வுசெட்டிச்சின் முறையைக் கொண்டு 1892இலேயே ஒரு கொலை வழக்கு துலங்கியிருந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

ரேகையைப் பதிவது எளிது. பதிந்துவைத்த ஆயிரக்கணக்கான தாள்களில் வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பதே சிக்கல். ஹக் பத்து விரல்களை ஐந்து இணைகளாகப் பிரித்தார். சுழல் வடிவ ரேகை உள்ள விரலுக்கு, அது எந்த இணையில் உள்ளதோ அதற்கேற்ப 16, 8, 4, 2, 1 என மதிப்பு. சுழல் இல்லையெனில் சுழியம். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரல் ஒரு தொகைக்கும் மற்றது இன்னொரு தொகைக்கும் சேரும். ஒவ்வொரு தொகையுடனும் ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 32 வரையிலான இரண்டு எண்கள் கிடைக்கும். 32 வரிசை, 32 நிரல் கொண்ட அலமாரி; 1,024 அறைகள். ஒரு கைதியின் தாள் எந்த அறையில் இருக்கும் என்பதைத் தாளில் போட்ட கணக்கே சொல்லிவிடும். அறைகளுக்குள் செய்யும் உட்பிரிவுகளையும், ரேகை விவரத்தைத் தந்தியில் அனுப்புவதற்கான குறியீட்டையும் போஸ் உருவாக்கினார்.

1899இல் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு திருத்தப்பட்டு, கைரேகை நிபுணரின் கருத்து நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கதாயிற்று. இந்த வேலைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது அப்போதுதான்.

முறைக்கு வைக்கப்பட்ட பெயர் 'ஹென்றி முறை'. 1900இல் அதைப் பற்றிய நூலை வெளியிட்ட ஹென்றி, 1901இல் லண்டன் சென்றார். 1903இல் அந்நகரப் போலீஸ் ஆணையரானார். 1906இல் 'சர்' பட்டமும் பெற்றார். ஹக்குக்கு 1924இல் 'கான் பகதூர்' பட்டம் கிடைத்தது; போஸுக்கு 'ராய் பகதூர்'. நெடுங்காலம் கழித்து ஆளுக்கு 5,000 ரூபாய் மதிப்பூதியமாக வழங்கப்பட்டது. பல நாடுகளின் போலீசார் கையாண்ட ஒரு முறைக்கு இது சிறிய தொகையே. தம் ஊழியர்களுள் ஹக்கின் பங்கே பெரிது என ஹென்றி பின்னாளில் எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் வந்தது 1926இல். நூல் வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1952இல் கல்கத்தாவில் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம் வந்தது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு அறிவியல் அலுவலர் பதவிகள் உருவாயின. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆட்களின் தேவை இதனால் கூடியிருக்கிறது. ஆனால் சில மாநில ஆய்வகங்கள் அந்த இடங்களை ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில்தான் நிரப்புகின்றன.