சந்திரசூரியர் உள்ளவரை

உத்திரமேரூர் ஏரித் தண்ணீரில் நெல் நடும் குடும்பம் எங்களுடையது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் குடத்தில் ஓலையிட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைப் பற்றியே கேட்பார்கள். அதே கல்வெட்டில் நான் தேடிப் படிப்பது ஏரியைக் கவனித்த குழுவான ஏரி வாரியத்தை.

சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் (பகுதிகளிலிருந்தும்) ஓலை எடுத்து, 6 பேரை ஏரி வாரியத்துக்கு அமர்த்தினார்கள். பதவி 360 நாள்தான். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கும், கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினருக்கும் இடமில்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணச் சபையாருக்கு மட்டுமே அந்த உரிமை இருந்தது. உழுதவருக்கும் பெண்களுக்கும் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் என்னை வியக்க வைப்பது ஒன்று: ஆண்டுக்கொரு முறை ஆள் மாறும் இந்த ஏற்பாட்டைச் சந்திரசூரியர் உள்ளவரை நடத்துவதென்று எழுதி வைத்தார்கள்.

அக்காலத்தார் நிலைபேற்றைக் கல்லிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை. கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிய ஆடுகளைத் தானம் செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு உழக்கு நெய். ஆடு கிழடாகும், சாகும். குட்டிகளை வளர்த்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்ப்பது இடையரின் பொறுப்பு. அதனால்தான் அதற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர்.

எங்கள் ஏரிக்கும் அதே கணக்குதான். வயிரமேக தடாகம் என்று பல்லவர் காலத்திலேயே பெயர் பெற்ற ஏரி இது. ஊர்ச்சபையிடம் பொன்னைக் கொடுத்து, முதலைத் தொடாமல் அதன் வட்டியில் ஆண்டுதோறும் தூர்வாரச் சொன்னவர்கள் இங்கே இருந்தார்கள். மழை வெள்ளம் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். அதை ஆண்டுதோறும் அள்ளத்தான் வேண்டும். கரை உயர்ந்திருந்தும் ஏரி கொள்ளாமல் போவது வண்டலால்தான். அள்ளிய வண்டல் வயலுக்கு எருவாகும்.

பிறகு குடிமராமத்து என்று ஊரார் கூடிச் செய்த வேலையை 1858-இல் ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் போட்டது. திட்டங்கள் வரும், முடியும். எனவே ஆயக்கட்டுக்காரர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மதகையும் கலங்கலையும் வரத்துக்காலையும் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். செலவுக் கணக்கை ஊர் நடுவே படியுங்கள். அடுத்த ஆண்டு வேறு ஆட்களிடம் பொறுப்பைக் கொடுங்கள்.